ரேடியஸ் செவ்வாய்க்கிழமை வரும்

தெரியாது என்று சொன்னால் ஒரு நிமிஷம் வெட்கம். தெரியும் என்று சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் வெட்கம். முப்பது பேர் கண்ணில் சீயக்காய் விழுந்த பிறகு எனக்கு இது விளங்கியது.

நான் குழாய் வேலைக்காரன். ஊர் தென்காசி. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். (ஏழு பாஸ். எட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம்.) பேச்சு குறைவு. பேசாமல் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. விவரம் தெரிந்தவன் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அந்த லாபத்தை நம்பித்தான் கெட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். அங்கே உதவியாளராக இருந்த பெண் செண்பகம். இயற்பியல் படித்தவள். வாஷரை மாற்றினேன். குனிந்து பார்த்தாள்.

"இன்னும் சொட்டுதே."

இன்னொரு வாஷர் மாற்றினேன்.

"இப்பவும் சொட்டுது."

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து தடவை போனேன். இரண்டு தடவை குழாய்க்காக.

பிறகு அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டோம். செண்பகத்தின் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கையில தொழில் இருக்கு. குடி இல்ல. பேச்சும் இல்ல. எனக்குச் சரி" என்றார். கைதியை விடுதலை செய்த மாதிரி இருந்தது.

சரி இல்லை என்று ஒருத்தர் இருந்தார். செண்பகத்தின் தாய்மாமா. வாசுதேவநல்லூர்க்காரர். அவர் மகன் ராணுவத்தில் இருந்தான். செண்பகத்தை அவனுக்கு என்று மனசில் குறித்து வைத்திருந்தார். (அவன் மனசில் வேறு ஒரு பெயர் குறித்திருந்தது. அது பிறகு தெரிந்தது.) அவர்கள் வீட்டு வழக்கப்படி நிச்சயத் தட்டைத் தாய்மாமா கைதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் கை நீளவில்லை என்றால் கல்யாணம் இல்லை.

நிச்சயத்தைப் பங்குனியில் வைத்தார்கள். இடம், குற்றாலம் போகிற ரோட்டில் ஏட்டையா புதிதாகக் கட்டியிருந்த ஆறு அறை லாட்ஜ். பங்குனியில் குற்றாலத்தில் பாறை மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். சீசனுக்கு இன்னும் இரண்டு மாசம்.

மாமா ஒரு கேள்வி போட்டார்.

"குத்தாலம் வரைக்கும் வந்துட்டு, எண்ணெய் தேச்சு ஒரு குளி இல்லாம தட்டத் தூக்கவா? ஊர்ல காறித் துப்புவாம்லா."

ஏட்டையாவுக்குச் சந்தோஷம். லாட்ஜின் பின்பக்கம் அவர் ஏற்கெனவே கொத்தனாரை வைத்து சிமெண்டில் ஒரு பாறை கட்டி, கறுப்புச் சாயம் அடித்து வைத்திருந்தார். இரண்டு ஆள் உயரம். சீசன் இல்லாத நாளில் வருகிறவர்கள் குளிக்க ஒரு செயற்கை அருவி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து பாறை உச்சியில் விட வேண்டும். குழாய் வேலை மட்டும்தான் பாக்கி.

மாமா என்னைப் பார்த்தார்.

"மாப்ள குழாய்க்காரர்தானவே? அருவிய விழ வைக்கட்டும். விழுந்துட்டா அன்னைக்கே தட்டத் தாரேன். விழலேன்னா..."

மீசையைத் தடவினார். மிச்சத்தை மீசை சொன்னது.

"விழும்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக நீளமான பொய் அந்த மூன்றெழுத்துதான்.

மறுநாள் ஏட்டையாவும் நானும் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு இஞ்ச் குழாய் ஒண்ணு போட்டுருவமாலே?" என்றார்.

யோசித்தேன். (யோசிப்பது போல நின்றேன். அதுவும் எனக்கு நன்றாக வரும்.) ஒற்றைக் குழாய் என்றால் தண்ணீர் ஒரே இடத்தில் விழும். அருவி என்றால் அகலம் வேண்டும். என்னிடம் அரை இஞ்ச் குழாய் நிறைய மிச்சம் கிடந்தது.

"நாலு அரை இஞ்ச் போடுவோம். அகலமா விழும்."

ஏட்டையா விரல் விட்டு எண்ணினார்.

"அரையும் அரையும் ஒண்ணு. அரையும் அரையும் ஒண்ணு. ரெண்டு. கணக்கு சரிதாம்லே."

போலீசே சரி என்றால் மேல்முறையீடு ஏது? வேலையை ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் செண்பகம் போன் செய்தாள். நிச்சயத்துக்கு முன்னால் நாங்கள் பேசக் கூடாது. அதனால் சுருக்கமாகப் பேசினாள்.

"என்ன சைஸ் குழாய் போடுதிய?"

"அரை இஞ்ச். நாலு."

"ரேடியஸ் பாத்தியளா?"

அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. எட்டாம் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் அங்கே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம், என் தொழிலில், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"பாத்தாச்சு" என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

ரேடியஸ் என்பது எல்போ, டீ மாதிரி குழாயில் மாட்டுகிற ஏதோ ஒரு சாமான் என்று முடிவு செய்தேன். புது ஐட்டமாக இருக்கும். காலையில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி தெரிந்தவர். இல்லை என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, ரேடியஸ் இருக்கா?"

அவர் கண் ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

"எத்தன இஞ்சுக்கு?"

"அரை."

அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு டப்பாவை ஆட்டிப் பார்த்தார்.

"அரைக்குத்தான் நேத்து தீந்துது. முக்காலுக்கு இருந்துச்சு, அதையும் ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான். செவ்வாக்கிழமை வரும்."

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. அது இல்லாமலே சமாளிப்போம் என்று திரும்பி வந்தேன்.

நாலு குழாயும் இழுத்தேன். தொட்டியிலிருந்து பாறை உச்சி வரை நாற்பது அடி. வரிசையாக, வீணைக் கம்பி மாதிரி. பார்க்க அவ்வளவு அழகு. ஒன்றில் மட்டும் தண்ணீர் திறந்து ஒரு குடத்தைப் பிடித்துப் பார்த்தேன். நிறைந்தது. ஒன்றில் ஒரு குடம் என்றால் நாலில் நாலு குடம். திருப்தியாகப் பூட்டிவிட்டு வந்தேன். குடத்தை நிரப்புகிற தண்ணீர் வேறு, ஆளை அடிக்கிற தண்ணீர் வேறு. யாரும் குடத்தின் கீழே நின்று குளிப்பதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வேன். எங்கள் பக்கத்து ஆட்கள். எல்லாம் சேர்த்து ஆண்கள் மட்டும் முப்பது பேர். பெண்கள் வராந்தாவில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் குளித்து முடித்ததும் அவர்கள் முறை. அதன் பிறகு தட்டு. அதன் பிறகு சாப்பாடு.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் இரண்டு பேரை மாமா ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார். சீசன் இல்லாததால் அவர்கள் கை இரண்டு மாசமாகச் சும்மா இருந்தது. அந்தத் தினவை எல்லாம் அந்த முப்பது முதுகிலும் காட்டினார்கள். உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். முப்பது பேரும் கோயில் சிலை மாதிரி மின்னினார்கள். அருவி அடித்தால்தான் இந்த எண்ணெய் இறங்கும். மற்ற எதற்கும் மசியாது. அதனால் தலைக்கு ஆளுக்கொரு கை சீயக்காயும் அப்பியாகிவிட்டது.

மாமா துண்டோடு பாறை அடியில் போய் நின்றார். கண்ணை மூடினார். கையைக் கூப்பினார்.

"தெறந்து விடுவே!"

திறந்தேன்.

முதலில் நாலு குழாயும் இருமின. பிறகு தண்ணீர் வந்தது. ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் கனம். பாறையைக் கொத்தனார் ரொம்ப மேடுபள்ளமாகக் கட்டியிருந்தார். பாதித் தண்ணீர் பாறையைத் தடவிக்கொண்டே ஓரமாக இறங்கியது. மீதி மாமாவின் தலைக்கு வந்தபோது கோயிலில் தீர்த்தம் தெளிக்கிற அளவுக்கு இருந்தது. சீயக்காயைக் கரைக்க அது போதும். கழுவப் போதாது. கரைந்த சீயக்காய் நெற்றி வழியாக இறங்கி நேராகக் கண்ணுக்குப் போனது.

"ஏலே! கண்ணு!"

பின்னால் நின்ற இருபத்தொன்பது பேரும் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முன்னால் பாய்ந்தார்கள். ஆளுக்கு நாலு சொட்டு விழுந்தது. இப்போது முப்பது பேரும் கண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் உடம்பு. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்தால் வழுக்கியது.

பாறை உச்சிக்கு ஒரு குரங்கு வந்தது. குனிந்து பார்த்தது. ஒரு குழாயைக் கையால் பொத்தியது. விரல் இடுக்கில் தண்ணீர் தூரமாகப் பீச்சி அடித்தது. அதற்கு என்னைவிட விவரம் இருந்தது.

வராந்தாவில் முதலில் சிரித்தது என் அம்மா. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். துண்டிலும் சீயக்காய். இன்னும் எரிந்தது. குத்துமதிப்பாக என் பக்கம் திரும்பினார். (அங்கே வாழைமரம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் திட்டினார்.)

"ஏலே கோட்டிக்காரா! இதுக்குப் பேரு அருவியா? சீக்காளிக்கு ஏத்துத குளுக்கோசு கூட இதவிட வேகமா வரும்லே! ஏட்டையா, பேச்சு முடிஞ்சுது. வேன எடுக்கச் சொல்லும்!"

ஏட்டையா என் காதருகில் வந்தார். "தொட்டியில தண்ணி இல்லேன்னு சொல்லிரு. நான் சாட்சி" என்றார். முப்பத்தைந்து வருஷ அனுபவம்.

நல்ல யோசனை. ஆனால் தண்ணீர் தொட்டி நிறைந்து வெளியே வழிந்துகொண்டிருந்தது. அதோடு, வராந்தாப் படியில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி இருக்கு. குழாய் சின்னது. தப்பு என்னோடது" என்றேன். அன்றைய கணக்குக்கு அது பெரிய சொற்பொழிவு.

செண்பகம் படியிறங்கி வந்தாள். பட்டுச்சேலை. கை நிறைய வளையல். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரேடியஸ் பாத்தாச்சுன்னு சொன்னியளே?"

முப்பது தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கண் தெரியாதவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"கடையில கேட்டேன். அரை இஞ்சுக்கு ஸ்டாக் இல்ல. செவ்வாக்கிழமை வரும்னாரு."

செண்பகம் என்னையே பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பட்டுச்சேலையோடு, ஈரத் தரையில். அழுகிறாள் என்று நினைத்து ஏட்டையா ஓடிவந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிற சிரிப்பு. வளையல் எல்லாம் குலுங்கியது.

ஏட்டையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏட்டி, செவ்வாக்கிழமைதான் வரும்னா நிச்சயத்தத் தள்ளி வச்சிருக்கலாம்லா?" என்றார்.

அவள் சிரிப்பு இன்னும் கூடியது.

"வேன எடுங்கவே!" என்றார் மாமா.

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாமா, போறதுன்னா போங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நாலு அரை எத்தன?"

"ரெண்டு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ள சொல்லும்."

"அப்ப நாலு அரை இஞ்ச் குழாயும் ஒரு ரெண்டு இஞ்ச் குழாயும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான். இவன் போட்டதுலதான் கோளாறு."

"அப்பா?"

"ரெண்டு" என்றார் ஏட்டையா.

அங்கே நின்ற முப்பது எண்ணெய்த் தலையையும் வரிசையாகக் கேட்டாள். எல்லோரும் ரெண்டு. அதில் ஒருத்தர் ஓய்வுபெற்ற மிலிட்டரி. ஒருத்தர் பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். கணக்கில் புலி என்று பெயர். அவரும் ரெண்டு.

செண்பகம் உள்ளே போனாள். நிச்சயத் தட்டையே தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய தாம்பாளம். அதிலிருந்த பூ, பழம், வெற்றிலை எல்லாவற்றையும் எடுத்து அவள் அம்மா மடியில் கொட்டினாள். வெறும் தாம்பாளத்தில் நாலு அதிரசத்தை ஒரே வரிசையாக வைத்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சரியாக முட்டியது.

"இதுதான் உங்க கணக்கு. நாலு அரை ரெண்டு. அளவு சரி. தாம்பாளம் நெறஞ்சிருக்கா?"

கண் தெரிந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். அதிரச வரிசைக்கு இரண்டு பக்கமும் தாம்பாளம் காலியாகக் கிடந்தது.

"அந்தக் காலி எடத்துலயும் ரெண்டு இஞ்ச் குழாயில தண்ணி வரும். நடுவுலேந்து ஓரம் வரைக்கும் உள்ள தூரம்தான் ரேடியஸ். அது நாலு மடங்கு ஆனா, எடம் பதினாறு மடங்கு ஆகும். பதினாறு அதிரசத்தப் பிச்சு அடச்சாத்தான் இது நெறையும்."

"அப்ப பதினாறு குழாய் போட்டிருக்கணுமோ?" என்றேன்.

"பதினாறும் பத்தாது. சீசன்ல அருவிக்குப் போற வரிசையப் பாத்திருக்கியள்லா? கம்பி ஓரமா நிக்குதவன் கம்பியப் பிடிச்சுக்கிட்டே நகரமாட்டான். நடுவுல நிக்குதவன் வேகமாப் போயிருவான். தண்ணியும் அப்படித்தான். குழாய்ச் சுவர ஒட்டுன தண்ணி ஒரசிக்கிட்டே கெடக்கும். சின்னக் குழாயில ஓரம்தான் அதிகம், நடுவே கெடையாது."

எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. பதின்மூன்று வயதிலிருந்து குழாய் தொட்டவன். ஒரு தடவைகூட குழாயின் உள்ளே பார்த்து யோசித்ததில்லை.

குரங்கு இறங்கி வந்து ஓரத்து அதிரசத்தை எடுத்துக்கொண்டு போனது. பாடம் முடிந்தது.

"இப்ப எண்ணெய்க்கு என்னட்டி வழி?" என்றார் மாமா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "எதுத்தாப்புல தென்னந்தோப்பு மோட்டார், குழாய் எத்தன இஞ்ச்?"

"மூணு."

"அப்ப ஏன் நிக்குதிய? போய்ப் போடுங்க."

தோப்புக்குப் போக ரோட்டைத் தாண்ட வேண்டும். முப்பது பேர், வெறும் துண்டு, தலையில் சீயக்காய், உடம்பெல்லாம் எண்ணெய். ஒருத்தர் துண்டு நுனியை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வரிசையாக ரோட்டைக் கடந்தார்கள். முன்னால் நான். செங்கோட்டை பஸ் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, எந்தக் கோயில் நேர்த்திக்கடன்?"

துண்டு வரிசை இன்னும் வேகமாக நகர்ந்தது.

நல்லவேளை, கரண்ட் இருந்தது. பம்புசெட்டைப் போட்டேன். மூன்று இஞ்ச் குழாயிலிருந்து தண்ணீர் யானைத் துதிக்கை மாதிரி வெளியே வந்தது. மாமா முதலில் போய்த் தலையைக் கொடுத்தார். அடுத்த நொடி பம்புசெட்டுத் தொட்டிக்குள் மல்லாந்து கிடந்தார். அவர் துண்டு மட்டும் தனியாக வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

"ஏலே! துண்டு! துண்டப் பிடிலே!"

தென்னை வரிசையில் ஓடினேன். ஐந்தாவது மரத்தடியில் பிடித்தேன். அவர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தார். துண்டைக் கொடுத்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் கட்டிக்கொண்டார். கண் சிவப்பு போயிருந்தது. ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார்.

"இது அருவி" என்றார்.

"ஆமா" என்றேன்.

"போலீசும் ரெண்டுன்னான். மிலிட்டரியும் ரெண்டுன்னான். நானும் ரெண்டுன்னேன். ஒன்ன மட்டும் தள்ளி வச்சா நியாயம் இல்லல்லா?"

தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் கெட்டுவிடும் என்று பட்டது.

"ஆனா ஒண்ணுலே. கல்யாணத்தச் செவ்வாக்கிழமை மட்டும் வச்சிராதிய. ரேடியஸ் வந்துரும்."

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். மதியம் தாம்பாளத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். ஒரு அதிரசம் குறைந்திருந்தது. யாரும் எண்ணவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு செண்பகம் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். தண்ணீர் கலங்காமல் மெதுவாக ஓடுகிற குழாயில், ரேடியஸைப் பாதியாக்கினால் தண்ணீர் பதினாறில் ஒரு பங்குதான் வருமாம். "நீங்க போட்டதுல தண்ணி வேகமாக் கலங்கி ஓடுச்சு. அவ்வளவு மோசம் ஆயிருக்காது" என்று ஆறுதலும் சொன்னாள். அந்தத் தாளை என் சாமான் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். குழாய் வாங்கும் முன்னால் ஒரு தடவை பார்ப்பேன்.

லாட்ஜில் அந்த நாலு குழாயை ஏட்டையா கழற்றவிடவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய குழாய் போட்டுக் கொடுத்தேன். அதில் அருவி விழுகிறது. பழைய நாலும் சும்மா சொட்டும். அறை எடுக்க வருகிறவர்களிடம் ஏட்டையா விளக்குவார். "இது அருவி. அது எங்க மாப்ள." வாசுதேவநல்லூர் மாமா வீடு கட்டியபோது குழாய் வேலைக்கு என்னைத்தான் கூப்பிட்டார். நான் அளவெடுக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று, "ஸ்டாக் இருக்காலே?" என்பார்.

கடை அண்ணாச்சியிடம் ஒரு நாள் போய்க் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, ரேடியஸ்னா என்னன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேட்ட தோரணையப் பாத்தா ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்லே" என்றார்.

இப்போது என் மகள் எட்டாம் வகுப்பு. நான் வழுக்கி விழுந்த அதே எட்டு. போன வாரம் கணக்குப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ரேடியஸ்னா என்னப்பா?"

அடுப்படியிலிருந்து செண்பகம் குரல் வந்தது.

"ஏட்டி, இன்னைக்கு என்ன கெழமை?"

வியாழன். எழுந்துபோய் ஒரு தாம்பாளமும் நாலு டம்ளர் மூடியும் எடுத்துக்கொண்டு வந்தேன்.